சூடானதும் ஐடிலில் ஆடும் லாரி: ஆறு சிலிண்டர் காமன் ரெயில், எரர் கோடு எதுவும் இல்லை

பாரவண்டி:
வணக்கம். சொந்த வண்டி, நானேதான் ஓட்டுகிறேன். ஆறு சிலிண்டர் காமன் ரெயில் டீசல் (ரெயில் என்கிற ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் உயர் அழுத்த டீசல் போகிற வகை), 4,60,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்தால் பஞ்சு மாதிரி நிற்கும். பத்துப் பதினைந்து நிமிடம் ஓடி, டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்த பிறகு நிறுத்தி நியூட்ரலில் விட்டால் ஆட்டம் ஆரம்பித்துவிடும். கண்ணாடி நடுங்கும், கியர் லீவர் கையில் நிற்காது. ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து 1000 தாண்டினால் போதும், ஒன்றுமே நடக்காதது போல ஓடும். லோடில் இழுவை குறையவில்லை, டீசல் மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் குடிப்பதாகத் தோன்றுகிறது. பேனலில் லைட் எரியவில்லை, ஸ்கேனரிலும் கோடு இல்லை.

ஒரு இடத்தில் காட்டினேன். டீசல் ஃபில்டர் இரண்டையும் மாற்றினார்கள், இன்ஜெக்டர் ஆறையும் கழற்றிச் சோதித்து, 2-வது மட்டும் தேறாது என்று புதிது போட்டார்கள். ஆட்டம் அப்படியேதான் இருக்கிறது. அடுத்து பம்பை இறக்க வேண்டும் என்கிறார்கள். பம்பைத் தொடுவதற்கு முன்னால் இங்கே கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

இரவுஓட்டம்:
எனக்கும் இதே தொல்லை இருந்தது. கடைசியில் ஆறு இன்ஜெக்டரையும் மாற்றித்தான் சரியானது. ஒன்று போனால் மற்றதும் பின்னாலேயே போகும், செட்டாக மாற்றிவிடுங்கள்.

டேப்பட்கவர்:
தம்பி, கொஞ்சம் பொறுங்கள். பம்பும் வேண்டாம், இன்ஜெக்டர் செட்டும் இப்போதைக்கு வேண்டாம். இருபது வருடத்துக்கு மேலாக இன்ஜின் வேலை பார்க்கிறேன். ஐடில் ஆட்டம் என்று வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் ஏற்கெனவே ஏதோ ஒன்றை மாற்றிவிட்டுத்தான் என்னிடம் வருகின்றன. எந்த சிலிண்டர் என்று தெரிவதற்கு முன்னால் ஒரு நட்டைக்கூடக் கழற்றக் கூடாது.

முதலில் ஒரு சின்ன வேலை. இன்ஜின் சூடாகி ஆடும்போது சீட்டில் உட்கார்ந்து ஆட்டத்தை எண்ணிப் பாருங்கள். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கும். 650 ஆர்பிஎம்மில் நிற்கிற இன்ஜினில் ஒரு சிலிண்டரின் பங்கு நொடிக்கு ஐந்துக்குச் சற்று மேல். ஆட்டம் அந்தத் தாளத்திலேயே, தட்-தட்-தட் என்று ஒரே சீராக வந்தால் ஏதோ ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. தாளமே இல்லாமல் ஒருமுறை தாழ்ந்து, ஒருமுறை ஏறி, பிறகு சும்மா இருந்து, மறுபடி தாழ்ந்தால் அது ஒரு சிலிண்டரின் கதை இல்லை. எல்லா சிலிண்டருக்கும் பொதுவான ஏதோ ஒன்று, அதாவது டீசல் லைனில் காற்று, ரெயில் பிரஷர், எக்ஸாஸ்ட் புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்குள் விடுகிற ஈஜிஆர் வால்வு, இப்படி. எல்லாரும் தாண்டிப் போய்விடுகிற சோதனை இது, ஆனால் தேட வேண்டிய இடத்தைப் பாதியாக்கிவிடும்.

அப்புறம் இன்ஜின் மவுண்டிங் ரப்பர். கேபினைத் தூக்கி, ஒருவரை உள்ளே உட்கார வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜின் ஆடுவதை வெளியிலிருந்து பாருங்கள். ரப்பர் நைந்திருந்தால் இன்ஜின் நன்றாக எரிந்தாலும் கேபின் ஆடும். கிளட்சை மிதித்தும் பாருங்கள், மிதித்ததும் ஆட்டம் மாறினால் தேட வேண்டியது பின்பக்கத்தில்.

பழையபம்ப்:
எந்த சிலிண்டர் என்று பார்க்க ஸ்கேனர் எதற்கு? இன்ஜின் ஓடும்போதே இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாக லூஸ் செய்யுங்கள். எந்த நட்டைத் தளர்த்தும்போது சத்தம் மாறவில்லையோ அதுதான் செத்த சிலிண்டர். நாங்கள் எல்லாம் அப்படித்தான் கண்டுபிடித்தோம்.

ரெயில்பிரஷர்:
அண்ணே, மரியாதையோடு சொல்கிறேன், பாரவண்டி இதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது. நீங்கள் சொல்வது வரிசை பம்ப் வண்டிக்குப் பொருந்தும். அதில் அந்தந்த சிலிண்டருக்கு அந்தந்த நேரத்தில் மட்டும்தான் பைப்பில் அழுத்தம் வரும். காமன் ரெயிலில் அழுத்தம் எப்போதும் தேங்கியே நிற்கிறது. ஐடிலிலேயே 300, 400 பார், முழு லோடில் 1,600-க்கும் மேல் போகிற வண்டிகள் உண்டு. அந்த நட்டைத் தளர்த்தினால் வருகிற டீசல் கண்ணுக்குத் தெரியாத ஊசி மாதிரித் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் பெரிதாக இருக்காது. சில மணி நேரத்தில் உள்ளே சதை அழுக ஆரம்பித்து, விரலை எடுக்கும் நிலை வரும். அப்படிப் பட்டுவிட்டால் காயம் சின்னதுதானே என்று கட்டுப் போட்டுக்கொண்டு உட்காரக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் டீசல் உள்ளே ஏறியிருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

டென்சோ காமன் ரெயிலை ஹினோ ரேஞ்சர் லாரியில் கொண்டுவந்தது 1995-ல். இத்தனை வருடம் ஆன பிறகும் அந்தப் பழைய கைப்பழக்கம் போகவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. இன்ஜெக்டர் வயரை ஓடும்போது பிடுங்குவதும் அப்படித்தான். இன்ஜெக்டரைத் திறக்க ஈசிஎம், அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், பேட்டரி வோல்ட்டைப் பல மடங்கு ஏற்றி அனுப்புகிறது, ஷாக் அடிக்கும்.

நட்டைத் தளர்த்திச் செய்கிற அதே வேலையை ஸ்கேனரில் உட்கார்ந்த இடத்தில் செய்யலாம். சிலிண்டர் கட்-ஆஃப் டெஸ்ட் என்று இருக்கும். ஒவ்வொரு இன்ஜெக்டரையும் சில நொடி நிறுத்தும். நல்ல சிலிண்டரை நிறுத்தினால் இன்ஜின் குலுங்கி ஆர்பிஎம் இறங்கும். கெட்டதை நிறுத்தினால் ஒன்றும் மாறாது.

பழையபம்ப்:
சரி தம்பி, ஒப்புக்கொள்கிறேன். நான் கடைசியாகக் கை வைத்தது மெக்கானிக்கல் பம்ப் வண்டியில்தான். அந்தப் பதிவை அப்படியே விட்டுவைக்கிறேன், உங்கள் எச்சரிக்கையையும் சேர்த்துப் படிக்கட்டும்.

பாரவண்டி:
எல்லாருக்கும் நன்றி. நேற்று மாலை முழுக்க இதிலேயே போனது.

மவுண்டிங் நான்கும் நன்றாக இருக்கின்றன, வெடிப்பு இல்லை. கிளட்ச் மிதித்தாலும் மாற்றம் இல்லை. ஆட்டத்தை எண்ணினேன். வாயால் எண்ண முடியவில்லை, அதனால் போனில் கேபின் சத்தத்தைப் பதிவு செய்து மெதுவாக ஓட்டிக் கேட்டேன். பத்து நொடியில் 54. டேப்பட்கவர் அண்ணே சொன்ன தாளம்தான், ஒன்றுகூடத் தவறவில்லை.

கட்-ஆஃப் டெஸ்ட்டும் செய்தோம், இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு. 1, 2, 3, 5, 6 ஒவ்வொன்றையும் நிறுத்தும்போது இன்ஜின் துடித்தது. 4-ஐ நிறுத்தினால் ஏதோ லேசாக மாறுகிறது, அவ்வளவுதான். டெம்பரேச்சர் கன் ஒன்று கிடைத்தது, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஒவ்வொரு போர்ட்டையும் ஐடிலில் பார்த்தேன். மற்ற ஐந்தும் 130-க்கும் 140-க்கும் நடுவில். 4-வது 95.

இரவுஓட்டம்:
அப்படியானால் 4-வது இன்ஜெக்டர். போட்டுவிட்டு வண்டியை எடுங்கள்.

ரெயில்பிரஷர்:
இருங்கள், 4-வது சிலிண்டர் என்றுதான் தெரிந்திருக்கிறது, 4-வது இன்ஜெக்டர் என்று தெரியவில்லை. பாரவண்டி, ஸ்கேனர் கையில் இருக்கும்போதே இன்னும் மூன்று விஷயம் பார்த்துவிடுங்கள். ஐடிலில் ரெயில் பிரஷர் கேட்டது எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் திருத்த அளவு, சில ஸ்கேனரில் இன்ஜெக்டர் கரெக்ஷன் என்றும் சிலதில் சிலிண்டர் பேலன்ஸ் என்றும் இருக்கும். அப்புறம் கம்ப்ரஷன் டெஸ்ட். இது கேஜ் வைத்துப் பார்ப்பது இல்லை, ஈசிஎம் டீசலை நிறுத்திவிட்டு செல்ஃப் அடிக்க வைத்து, ஒவ்வொரு சிலிண்டரும் மேலே ஏறும்போது வேகம் எவ்வளவு குறைகிறது என்று பார்க்கும். கம்ப்ரஷன் குறைந்த சிலிண்டரில் எதிர்ப்பு குறைவு, அதனால் அங்கே வேகம் கூடித் தெரியும்.

ரிட்டர்ன் லைன் வெளியில் இருக்கிற இன்ஜின் என்றால் பேக் லீக் சோதனையும் செய்யுங்கள். ஆறு இன்ஜெக்டருக்கும் ஆறு பாட்டில் கட்டி, ஐடிலில் விட்டு, எதில் அதிகம் நிரம்புகிறது என்று பாருங்கள்.

பாரவண்டி:
இன்று பார்த்தது:

ரெயில் பிரஷர் கேட்டது 380 பார். கிடைப்பது 372-க்கும் 388-க்கும் நடுவில் நிற்கிறது, தாவவில்லை. ஆறு பாட்டிலும் ஏறக்குறைய ஒரே மட்டம்.

திருத்த அளவு, சூடான பிறகு, மில்லிகிராமில்: 1-வது +0.4, 2-வது −2.8, 3-வது −0.6, 4-வது +4.2, 5-வது −0.7, 6-வது −0.5.

கம்ப்ரஷன் டெஸ்ட்டைக் காலையில் முதல் வேலையாகச் செய்தோம். ஆறும் ஒன்றுக்கொன்று 3 ஆர்பிஎம் வித்தியாசத்துக்குள் இருந்தன. கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது, 4-வதுக்கு ஈசிஎம் டீசலை அள்ளி ஊற்றுகிறது, அப்படியும் எரியவில்லை. அப்படியானால் இன்ஜெக்டர்தானே? மனசு சலித்துப் போகிறது, வண்டி நான்கு நாளாக நிற்கிறது.

டேப்பட்கவர்:
தம்பி, சலிப்பு புரிகிறது. ஆனால் நீங்கள் இப்போது ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டீர்கள், இந்த இடத்தில்தான் பலர் தவறான பார்ட்ஸை வாங்குகிறார்கள்.

அந்தத் திருத்த அளவு என்ன சொல்கிறது என்று யோசியுங்கள். ஈசிஎம்முக்கு இன்ஜெக்டர் தெரியாது, வால்வு தெரியாது, பிஸ்டன் தெரியாது. அதற்குத் தெரிந்தது கிராங்க் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பது மட்டும். 4-வது சிலிண்டர் வெடித்த பிறகு கிராங்க் எதிர்பார்த்த வேகத்துக்கு வரவில்லை, அதனால் அடுத்த முறை அதற்குக் கூடுதல் டீசல் கொடுக்கிறது. சிலிண்டர் ஏன் பலவீனமாக இருக்கிறது என்று அது சொல்லவே இல்லை. நாசில் அடைத்திருந்தாலும் +4 காட்டும், வால்வு மூடாமல் கம்ப்ரஷன் ஓடினாலும் +4 காட்டும், ரிங் போயிருந்தாலும் +4 காட்டும். ப்ளஸ் என்றால் இன்ஜெக்டர் கெட்டது என்று படிப்பது பெரிய தவறு.

கம்ப்ரஷன் டெஸ்ட்டைக் காலையில் செய்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வண்டி காலையில் ஆடுவதே இல்லை என்று முதல் பதிவில் நீங்களேதான் சொன்னீர்கள். நோய் இல்லாத நேரத்தில் பார்த்தால் நோய் எப்படித் தெரியும்? ஆடிக்கொண்டிருக்கும்போது நிறுத்தி, சூடு ஆறுவதற்கு முன்னால் அதே டெஸ்ட்டை மறுபடி செய்யுங்கள்.

சந்தேகம் தீர வேண்டும் என்றால் 4-வது இன்ஜெக்டரையும் வேறொரு சிலிண்டரின் இன்ஜெக்டரையும் இடம் மாற்றிப் போடுங்கள், 5-வதோடு மாற்றலாம். ஆட்டம் இன்ஜெக்டரோடு போனால் இன்ஜெக்டர், 4-லேயே நின்றால் இன்ஜெக்டர் இல்லை. கழற்றும் முன் இன்ஜினை நிறுத்திச் சில நிமிடம் விடுங்கள், அழுத்தம் இறங்கட்டும். கழற்றிய பைப் வாய்க்கு உடனே மூடி போடுங்கள், ஒரு மணல் துகள் போதும் நாசிலைக் கெடுக்க. காப்பர் வாஷர் புதிதுதான் போட வேண்டும், பழைய வாஷர் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், அதன் மேலேயே இன்னொன்று போட்டுவிட்டால் புது வியாதி வரும். ஹை பிரஷர் பைப்பை ஒருமுறை கழற்றினால் புதிதாகத்தான் போட வேண்டும் என்கிற இன்ஜின்களும் உண்டு, உங்கள் மேனுவலில் பாருங்கள்.

ரெயில்பிரஷர்:
இடம் மாற்றும்போது ஈசிஎம்மில் இன்ஜெக்டர் கோடையும் மாற்றி எழுதுங்கள். இன்ஜெக்டர் தலையில் எழுத்தும் எண்ணுமாகப் பொறித்திருக்கும். அந்த இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்தால் எவ்வளவு டீசல் விடும் என்று தொழிற்சாலையில் அளந்த கணக்கு அது. ஈசிஎம்மில் அந்தந்த சிலிண்டருக்கு நேராக அந்தந்தக் கோடு இருக்க வேண்டும்.

பாரவண்டி:
டேப்பட்கவர் அண்ணே, நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது.

4-ஐயும் 5-ஐயும் மாற்றினோம், கோடும் மாற்றினோம். சூடானதும் ஆட்டம் வந்தது. திருத்த அளவு 4-ல் +4.1, 5-ல் −0.6. இன்ஜெக்டர் நகர்ந்தது, நோய் நகரவில்லை.

நிறுத்தி உடனே கம்ப்ரஷன் டெஸ்ட். மற்ற ஐந்தும் 212-லிருந்து 215. 4-வது 231.

காலையில் 3-க்குள் நின்றது சூட்டில் 16-க்கு மேல் விலகி நிற்கிறது.

வெள்ளைப்புகை:
ஹெட் கேஸ்கட்டாக இருக்குமோ? எனக்கு அப்படித்தான் ஆனது. கூலன்ட் குறைகிறதா, ரேடியேட்டரில் குமிழ் வருகிறதா பாருங்கள்.

டேப்பட்கவர்:
கேள்வி நியாயமானது, பார்த்துவிடுவது நல்லது. ஆனால் கூலன்ட் குறைவதாக அவர் சொல்லவில்லை, சூடு ஏறுவதாகவும் சொல்லவில்லை. ரிங் தேய்ந்திருந்தால் வழக்கமாகக் குளிரில்தான் மோசமாக இருக்கும், சூடானால் கொஞ்சம் தேறும். இங்கே தலைகீழாக இருக்கிறது. குளிரில் கம்ப்ரஷன் முழுசாக இருக்கிறது, சூட்டில் போகிறது. எனக்கு ஒரே ஒரு இடம்தான் மனதில் நிற்கிறது: எக்ஸாஸ்ட் வால்வின் டேப்பட் இடைவெளி, அதாவது வால்வுத் தண்டின் முனைக்கும் அதை அழுத்தித் திறக்கிற ராக்கருக்கும் நடுவில் விடுகிற சந்து.

வால்வு ஓட ஓட அதன் முகமும் சீட்டும் தேயும். தேயத் தேய வால்வு ஹெட்டுக்குள் மேலே ஏறும், தண்டின் முனை ராக்கரைத் தேடிப் போகும். அதனால் இடைவெளி குறைந்துகொண்டே வரும். டேப்பட் தளர்ந்தால் சத்தம் போட்டுச் சொல்லிவிடும். இறுகினால் சத்தமே வராது, சொல்லப்போனால் இன்ஜின் முன்னைவிட அமைதியாக இருக்கும், அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. குளிரில் இடைவெளி நூலளவாவது மிச்சம் இருக்கும், வால்வு மூடிக்கொள்ளும். சூடானால் எக்ஸாஸ்ட் வால்வு தண்டு நீளும், மிச்சம் இருந்ததும் போய், ராக்கர் வால்வை முழுசாக மூட விடாமல் பிடித்துக்கொள்ளும்.

ஆக்சிலேட்டர் மிதித்தால் ஏன் சரியாகிறது என்று கேட்பீர்கள். 650-ல் ஒரு கம்ப்ரஷன் ஸ்ட்ரோக் 46 மில்லிசெகண்ட் எடுக்கும். 1500-ல் 20தான். கசிவு அதே அளவு, கசிவதற்குக் கிடைக்கிற நேரம் பாதிகூட இல்லை. காற்று வெளியேறுவதற்குள் பிஸ்டன் மேலே வந்து வெடித்துவிடுகிறது.

கேஸ்கட்டா வால்வா என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால் இன்ஜின் சூடாக இருக்கும்போது 4-ஐ கம்ப்ரஷனில் மேலே கொண்டுவந்து, இன்ஜெக்டர் ஓட்டை வழியாக அடாப்டர் வைத்துக் காற்று கொடுங்கள். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ஏர் ஃபில்டர் பக்கம் சீறினால் இன்டேக். ஆயில் ஊற்றும் வாயில் வந்தால் ரிங். ரேடியேட்டரில் குமிழ் வந்தால் வெள்ளைப்புகை சொன்ன கேஸ்கட். காற்று கொடுக்கும்போது பிஸ்டன் உச்சியிலிருந்து கொஞ்சம் விலகியிருந்தால் கிராங்க் திடீரென்று சுற்றும், ஃபேன், பெல்ட் பக்கம் கை இருக்கவே கூடாது.

நாலுசிலிண்டர்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் நாலு சிலிண்டர் வண்டியும் ஐடிலில் சரியில்லை, ஆனால் தாளம் இல்லாமல், 750-ல் நின்றுகொண்டே இருந்து திடீரென்று 650-க்கு இறங்கி மறுபடி ஏறுகிறது. ராத்திரி முழுக்க நின்றால் காலையில் ரொம்ப நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது.

ரெயில்பிரஷர்:
உங்களுடையது பாரவண்டி வண்டியின் கதை இல்லை. நின்ற பிறகு செல்ஃப் நீளுகிறது, ஆர்பிஎம் தாளமில்லாமல் தாவுகிறது என்றால் முதலில் டாங்கிலிருந்து பம்ப் வரைக்கும் உறிஞ்சுகிற பக்கத்தைப் பாருங்கள். அந்தப் பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும், அதனால் கண்ணுக்குத் தெரியாது. ஃபில்டரிலிருந்து பம்புக்குப் போகிற ஹோஸுக்குப் பதிலாகக் கொஞ்ச தூரம் கண்ணாடி போன்ற டிரான்ஸ்பரன்ட் ஹோஸ் மாட்டி ஓட்டுங்கள். டீசல் தெளிவாக ஓட வேண்டும். குமிழ்கள் வரிசையாகப் போனால் அங்கிருந்து பின்னோக்கி ஒவ்வொரு ஜாயின்ட்டாகப் பாருங்கள்: கிளிப், வாஷர், ஃபில்டர் மூடி ரப்பர், கை பம்ப், டாங்கில் இறங்கும் குழாய். ஃபில்டர் மாற்றியபோது ரப்பர் ரிங் முறுக்கிக்கொண்டதால் மட்டும் இப்படி ஆன வண்டிகள் எத்தனையோ.

குமிழ் இல்லை என்றால் ரெயில் பிரஷர் தாவுகிறதா பாருங்கள். தாவினால் பம்பில் இருக்கிற அளவுக் கட்டுப்பாட்டு வால்வு ஒட்டிக்கொண்டு வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். ரெயில் பிரஷர் சீராக இருந்து, கருப்புப் புகையும் வந்தால் ஈஜிஆர் வால்வைக் கழற்றிப் பாருங்கள். கரி பிடித்து மூடாமல் நின்றால் ஐடிலில் போகிற கொஞ்சக் காற்றிலும் புகை கலந்து எரிப்பைக் கெடுக்கும்.

நாலுசிலிண்டர்:
ஹோஸ் மாட்டிப் பார்த்தேன், முதல் நிமிடத்திலேயே குமிழ். வாட்டர் செபரேட்டரின் அடியில் தண்ணீர் திறந்துவிடுகிற திருகில் ரப்பர் வெடித்திருக்கிறது. இறுக்கிப் பிடித்துக்கொண்டால் குமிழ் நிற்கிறது. மாற்றிவிடுகிறேன், ரொம்ப நன்றி.

பாரவண்டி:
நேற்று சூட்டிலேயே காற்று கொடுத்தோம். நான் சைலன்சர் வாயில் காதை வைத்துக் கேட்டேன். உஸ்ஸ் என்று நீளமான ஒரு சத்தம், குழாயில் யாரோ மூச்சு விடுவது மாதிரி. ஆயில் வாயில் ஒன்றும் இல்லை, ரேடியேட்டர் அசையவில்லை.

ராத்திரி முழுக்க ஆறவிட்டு இன்று காலை டேப்பட் கவரைத் திறந்தோம். 4-வது எக்ஸாஸ்ட்டில் இடைவெளி அளக்கிற ஃபில்லர் கேஜின் 0.50 மில்லிமீட்டர் தகடு நுழையவே இல்லை. 0.30 நுழையவில்லை. 0.20 நுழையவில்லை. 0.10 தகட்டை எடுத்தேன், காகிதம் மாதிரி வளைகிறது, அதைத் தள்ளினால் முனை மட்டும் உள்ளே போய்ப் பிடித்துக்கொண்டது, இழுக்கும்போது ராக்கர் அதை விடாமல் கவ்வியது. மேனுவலில் 0.50. மற்ற ஐந்து எக்ஸாஸ்ட்டும் 0.40-லிருந்து 0.45. இத்தனை நாள் தேடிய ஆட்டம் அந்த ஒரு தகட்டின் கனத்தில் இருந்திருக்கிறது, கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

எப்படி வைப்பது என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள் அண்ணே, தப்பாக வைத்துவிடக் கூடாது.

டேப்பட்கவர்:
மனசு நிறைந்தது தம்பி. 1-5-3-6-2-4 என்ற வரிசையில் சிலிண்டர்கள் வெடிக்கிற வண்டியில் 1-க்கு ஜோடி 6, 5-க்கு ஜோடி 2, 3-க்கு ஜோடி 4. 4-ஐ வைக்க வேண்டுமானால் 3-ஐப் பார்த்துக்கொண்டு கிராங்கைச் சுற்றுங்கள். 3-ல் எக்ஸாஸ்ட் மூடி முடியும்போதே இன்டேக் திறக்க ஆரம்பிக்கும், இரண்டு ராக்கரும் ஒரே நேரத்தில் அசையும். அந்த இடத்தில் நிறுத்தினால் 4 கம்ப்ரஷன் உச்சியில், அதன் இரண்டு வால்வும் மூடி இருக்கும். இப்போது 4-ஐ வையுங்கள். இதே மாதிரி ஆறையும்.

லாக் நட்டை இறுக்கும்போது திருகு கொஞ்சம் கூடவே சுற்றும், அதனால் இறுக்கிய பிறகு மறுபடி தகடு விட்டுப் பார்க்க வேண்டும். வெண்ணெயில் கத்தி போவது மாதிரி லேசான பிடியோடு தகடு நகர வேண்டும். ஒரு சிலிண்டருக்கு நாலு வால்வு இருந்து நடுவில் பிரிட்ஜ் வைத்த இன்ஜின்களில் சிலவற்றில் பிரிட்ஜை முதலில் சமன் செய்துவிட்டுத்தான் இடைவெளி வைக்க வேண்டும், மற்றவர்கள் படிக்கும்போது குழம்பக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

வைத்து முடித்ததும் ஒரு தாளில் இன்றைய அளவையும் கிலோமீட்டரையும் எழுதி வையுங்கள். 4-வது மட்டும் ஏன் இவ்வளவு இறுகியது என்பது இன்னும் முடியாத கேள்வி. மற்ற ஐந்தைவிட இதன் சீட் வேகமாகத் தேய்ந்திருக்கலாம். 5,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி பார்த்தால் தெரியும்.

பாரவண்டி:
வைத்தாயிற்று. இன்று 60 கிலோமீட்டர் ஓட்டி, நன்றாகச் சூடாக்கி நிறுத்தினேன். பழைய அடி இல்லை. கம்ப்ரஷன் சூட்டில் ஆறும் ஒன்றாக நிற்கின்றன, 4-வது திருத்த அளவு +0.6-க்கு வந்துவிட்டது. எண்பது சதவீதம் சரி. ஆனால் கியர் லீவரில் கை வைத்தால் இன்னும் ஒரு சின்ன நடுக்கம், விட்டுவிட்டு ஒரு தட்டு.

ரெயில்பிரஷர்:
2-வதை எல்லாரும் மறந்துவிட்டோம். உங்கள் முதல் பட்டியலிலேயே −2.8 இருந்தது. புதிதாகப் போட்ட இன்ஜெக்டர் அதுதானே? மைனஸ் என்றால் ஈசிஎம் அந்த சிலிண்டருக்கு டீசலைக் குறைக்கிறது, அதாவது அது மற்றதைவிட ஓங்கி அடிக்கிறது. போட்டவர்கள் கோடு எழுதினார்களா? ஈசிஎம்மில் இருப்பதையும் இன்ஜெக்டர் தலையில் இருப்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பாரவண்டி:
எழுதவில்லை. ஈசிஎம்மில் இருப்பது கழற்றிப் போட்ட பழைய இன்ஜெக்டரின் கோடு. தலையில் கரி படிந்திருந்தது, துணியால் துடைத்து, போனில் படம் எடுத்துப் பெரிதாக்கி, ஒவ்வொரு எழுத்தாக இரண்டு பேர் படித்துச் சரிபார்த்து எழுதினோம். எட்டும் பி எழுத்தும் ஒன்று போலவே தெரிகின்றன, முதல்முறை தப்பாக எழுதி ஈசிஎம் ஏற்கவில்லை.

எழுதி, இக்னிஷனை அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்தோம். சூடான பிறகு 2-வது −0.5. நடுக்கம் போய்விட்டது. டாஷ்போர்டில் வைத்த தண்ணீர் பாட்டிலில் தண்ணீர் அலை அடிக்காமல் நிற்கிறது.

இரவுஓட்டம்:
நான் ஆறையும் மாற்றச் சொன்னேன், அதற்காக வருத்தப்படுகிறேன். என் வண்டியின் திருத்த அளவையும் இன்று எடுத்துப் பார்க்கப் போகிறேன், கோடு எழுதினார்களா என்று நானும் கேட்டதே இல்லை.

பாரவண்டி:
5,000 சொன்னீர்கள், நான் 5,300-ல் திறந்தேன். முழுசாக ஆறின இன்ஜின், அதே தகடுகள், அதே கை. 4-வது எக்ஸாஸ்ட்டை 0.50-ல் வைத்திருந்தேன், இப்போது 0.45 நுழைகிறது, 0.50 பிடிக்கிறது. மற்ற ஐந்தும் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. ஐடில் நன்றாகத்தான் இருக்கிறது, ஆட்டம் திரும்பவில்லை. இதை எப்படி எடுத்துக்கொள்வது அண்ணே?

டேப்பட்கவர்:
மற்ற ஐந்தும் அசையாமல் இது மட்டும் 0.05 குறைந்திருக்கிறது என்றால் சீட் இன்னும் தேய்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். புதிதாக வைத்ததும் கொஞ்சம் படிவது உண்டு, அதனால் இந்த ஒரு அளவை வைத்து ஹெட்டைக் கழற்றச் சொல்ல மாட்டேன். மறுபடி 0.50 வைத்து, இன்னொரு 5,000 ஓட்டிப் பாருங்கள். குறையாமல் நின்றால் வழக்கமான சர்வீஸில் பார்த்தால் போதும். மறுபடியும் அதே அளவு குறைந்தால் தள்ளிப்போட வேண்டாம், ஹெட்டை இறக்கி 4-வது வால்வையும் சீட்டையும் மாற்றிவிடுங்கள், மூடாத எக்ஸாஸ்ட் வால்வு சூடு இறங்க வழியில்லாமல் ஓரத்தில் எரிந்து துண்டாகும், துண்டு பிஸ்டன் மேல் விழுந்தால் இன்ஜினே போய்விடும். ஹெட் இறக்கும்போது வால்வு கைடு ஆட்டத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், கைடு தேய்ந்து வால்வு கோணலாக உட்கார்ந்தாலும் ஒரு சீட் மட்டும் இப்படித் தேயும்.

பாரவண்டி:
சரி அண்ணே. 0.50 வைத்துக் கவரை மூடிவிட்டேன். தாளில் எழுதி டேப்பட் கவர் போல்ட் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறேன்: 4 எக்ஸாஸ்ட், 0.45-லிருந்து 0.50, 4,65,400 கிலோமீட்டர். 4,70,000 தாண்டியதும் இங்கேயே வந்து எழுதுகிறேன்.